இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் லலிதா அம்மையார்

திண்டுக்கல்லிலிருந்து பழனிச் சாலையிலோ வத்தலக்குண்டுச் சாலையிலோ பேருந்தில் செல்லும் நம்மில் எவரும், தோட்டங்களுக்கு நடுவே வரிசையாக நிற்கும் உயரமான மின்கோபுரங்களைப் பாராமல் சென்றிருக்க முடியாது. கிணற்று நீரை மேலேற்றும் மோட்டாருக்கும், நூற்பாலையில் சுழலும் கதிர்களுக்கும், நம் பள்ளியின் கணினி அறைக்கும் உயிர் கொடுப்பவை அக்கம்பிகளே. அக்கம்பி எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், எத்தனை அடி உயரத்தில் செல்ல வேண்டும் என்று கணக்குப் போடுபவர் ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பார் என்று நாம் கேளாமலே எண்ணிக்கொள்கிறோம். மேல்நிலை முதலாண்டுக் கணினிப் பிரிவு மாணவியராகிய நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

இவ்வாண்டு மலருக்குக் கணினியைப் பற்றி ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று எங்கள் ஆசிரியை கேட்டார். தாமே கற்றுக்கொள்ளும் இயந்திரங்களைப் பற்றி எழுதலாம் என்று தொடங்கினோம். எழுத உட்கார்ந்ததும் எங்களுள் ஒருத்தி வேறொரு கேள்வியை எழுப்பினாள். நம் நாட்டில் பொறியியற் கல்லூரி வாயிலை முதன்முதலில் மிதித்த பெண் யார்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன இடத்தில் நாங்கள் கண்டவர்தாம் அய்யலசோமயாஜுலா லலிதா அம்மையார்.

அவர் சென்னையில் தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் பிறந்தார். உடன்பிறந்தாரையும் சேர்த்து அவ்வீட்டுக் குழந்தைகள் எழுவர். அவர்களுள் லலிதா ஐந்தாமவர். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். வீட்டில் ஆண்மக்கள் பொறியியல் படித்தனர். பெண்மக்களுக்கு அடிப்படைக் கல்வியே போதும் என்பது அக்கால வழக்கம். பேராசிரியர் வீடும் அவ்வழக்கிற்கு விலக்கன்று.

1934ஆம் ஆண்டு, பதினைந்து வயதில் லலிதாவுக்குத் திருமணம் நடந்தது. சாரதா சட்டம் என்று மக்கள் அழைத்த குழந்தை மண ஒழிப்புச் சட்டம் 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆயினும் அச்சட்டம் பெண்ணுக்கு வகுத்த வயது பதினான்குதான். எனவே அத்திருமணத்தில் சட்டக் குற்றம் ஏதுமில்லை. பெண்ணுக்குப் பதினெட்டு வயது என்று சட்டம் மாறியது 1978இல்தான். மணமான பின்னும் பத்தாம் வகுப்பை முடிக்க வேண்டும் என்று தந்தையார் உறுதியாக இருந்தார். ஒரு கையால் மகளுக்கு மாலை சூட்டி, மறு கையால் புத்தகத்தைக் கொடுத்த அந்தத் தந்தையை எப்படி எடைபோடுவது என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. முடிவுக்கு வர இயலவில்லை.

1937இல் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் காலமானார். லலிதாவுக்கு அப்போது வயது பதினெட்டு.

அந்நாளில் கணவனை இழந்த இளம்பெண்ணின் நிலையை நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். நல்ல காரியங்களில் முன்னே வரக் கூடாது. பூவும் வண்ணச் சேலையும் ஆகாது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் யாரேனும் ஒருவர் வீட்டின் பின்கட்டில் கழிய வேண்டும். புகுந்த வீட்டில் லலிதாவின் நாட்களும் துன்பமாகவே கழிந்தன. கைக்குழந்தையுடன் பிறந்த வீடு திரும்பிய அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தம் பிழைப்புக்கும் குழந்தையின் வாழ்வுக்கும் எவர் கையையும் எதிர்பார்ப்பதில்லை. படித்து வேலைக்குச் செல்வது என்பதே அம்முடிவு. மறுமணம் செய்துகொள்ளவும் இல்லை.

இதைப் போன்ற கதை ஒன்று நம் ஊருக்கு மிக அருகிலேயே உண்டு. சின்னாளபட்டியை ஒட்டி 1947இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்த டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் இளமையில் மணம் முடித்து, இளமையிலேயே கணவரை இழந்து, அதன் பின் டில்லி சென்று மருத்துவம் படித்தவரே. அவர் 1940இல் மறுமணம் செய்துகொண்டார். மருத்துவம் என்றால் பெண்ணுக்கு ஏற்றது என்று ஊர் அரைமனத்தோடாவது ஒப்புக்கொள்ளும். லலிதாவும் முதலில் மருத்துவத்தைத்தான் எண்ணிப் பார்த்தார். ஆனால் மருத்துவருக்கு இரவும் பகலும் ஒன்று. நள்ளிரவில் அழைப்பு வந்தால் தொட்டில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் வேலையே தமக்குத் தகும் என்று அவர் கருதினார். நாட்டின் முதல் பெண் மின்பொறியாளர் அத்துறைக்கு வந்ததன் காரணம் புகழாசையன்று. மாலையில் குழந்தையோடு இருக்க வேண்டும் என்ற தாயின் கணக்கு. எங்களுக்கு இச்செய்தி மிகவும் பிடித்திருந்தது.

சென்னை இராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பை முதல் வகுப்பில் தேறினார். அடுத்து கிண்டி. 1794இல் நிலஅளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில் அதுவரை ஒரு பெண்ணும் படித்ததில்லை. சுப்பாராவ் தம் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வித் துறை இயக்குநர் ஆர். எம். ஸ்டேதமிடம் விண்ணப்பித்தார். இருவரும் மறுப்புச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக லலிதா மின்பொறியியல் வகுப்பில் அமர்ந்தார்.

உடன் படித்த மாணவர்கள் அவரிடம் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப அஞ்சும் பெற்றோர் இவ்வரியை இன்னொரு முறை படிக்கலாம். அவருக்கென்று தனி விடுதி அமைத்துக் கொடுத்தது கல்லூரி. குழந்தை லலிதாவின் உடன்பிறந்தார் வீட்டில் வளர்ந்தது. வாரக் கடைசியில் சென்று பார்த்துவிட்டு வருவார். இடைப்பட்ட நாட்களில் அக்குழந்தைக்குச் சோறூட்டிய கைகளைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. அக்கைகள் இல்லாமல் போயிருந்தால் கிண்டிக் கதை நடந்திராது என்பது எங்கள் எண்ணம்.

படிப்பில் இடரில்லை, தனிமைதான் வாட்டியது. இரவில் பேச்சுத்துணைக்கு ஒருவர் இல்லாத விடுதியை எண்ணிப் பாருங்கள். மகளின் தனிமையை உணர்ந்த தந்தையார், கிண்டியில் பெண்களுக்கும் இடமுண்டு என்று விளம்பரம் செய்வித்தார். விளம்பரத்தைக் கண்டு இருவர் வந்து சேர்ந்தனர். ஒருவர் லீலாம்மா ஜார்ஜ்; மற்றவர் பி. கே. திரேசியா. இருவரும் கட்டடப் பொறியியல் எடுத்துக்கொண்டார்கள். திரேசியா திருச்சூர்ப் பகுதியில் எடத்திருத்தி என்னும் ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். இந்தியாவில் அப்பதவி வகித்த முதல் பெண்மணி அவரே. ஒரு பெண்ணின் பேச்சுத்துணைக்காகச் செய்த விளம்பரம் ஒரு மாநிலத்துக்குத் தலைமைப் பொறியாளரைத் தேடிக் கொடுத்தது.

இவ்விருவரும் லலிதாவுக்கு ஓராண்டு இளையவர்கள். எனினும் இரண்டாம் உலகப் போரின் காரணமாகப் பாடகாலம் சில மாதங்கள் குறைக்கப்பட்டதால் மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்றார்கள். ஆண்டு 1943. பட்டச் சான்றிதழை அச்சிட்டவர்கள், பெறுபவர் ஆண் என்றே ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்தார்கள். அச்சொல்லைக் கோடிட்டு அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்தது.

பட்டத்தோடு படிப்பு முடிந்துவிடவில்லை. பீகாரிலுள்ள ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். 1862இல் தொடங்கிய அப்பணிமனை நீராவி இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் பேரிடம். எண்ணெயும் கரியும் சம்மட்டி ஓசையுமாக இருந்த உலகம். அடுத்து 1944இல் சிம்லாவிலிருந்த மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் பதவி. இங்கே சம்மட்டி இல்லை, காகிதமும் அளவுகோலும்தான். சிம்லாவில் ஒரு சகோதரர் வசித்ததால் குழந்தையையும் உடன் வைத்துக்கொள்ள முடிந்தது. அங்கிருந்தபடியே இலண்டன் மின்பொறியாளர் கழகத்தின் பட்டத் தேர்வையும் எழுதினார். 1946 டிசம்பரில் அவ்வேலையை விட்டுச் சென்னை திரும்பித் தந்தையாரின் ஆய்வுகளுக்குத் துணை நின்றார். சுப்பாராவ் மின்சாரத்தால் இசைக்கும் ஜெலெக்ட்ரோமோனியம் என்ற கருவிக்கும், புகையில்லா அடுப்புக்கும், மின்சுடர்க் கருவி ஒன்றுக்கும் காப்புரிமை பெற்றவர். மகளும் தந்தையும் ஒரே மேசையில் வேலை செய்த அந்த மாதங்கள் இனிமையாக இருந்திருக்கும். ஆனால் ஆய்வு சோறு போடவில்லை. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கும் ஒரு சகோதரர் வீடு இருந்தது.

இங்கே சற்று நின்று, நாங்கள் முதலில் எழுத எண்ணியிருந்த பொருளுக்கு வருகிறோம். அதற்கும் இதற்கும் உறவு உண்டு.

கணினிக்குப் பூனையை அடையாளம் காட்ட வேண்டுமானால், பொதுவாக ஆயிரக்கணக்கான பூனைப் படங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். பூனையைக் கற்ற கணினிக்கு மரநாயைக் காட்டினால் விழிக்கும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் நாகல்நகர்ப் பக்கம் பூட்டுச் செய்யும் தாத்தா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மாங்காய்ப் பூட்டும் கதவுப் பூட்டும் பெட்டிப் பூட்டும் செய்து பழகியவர் அவர். இதுவரை காணாத பூட்டு ஒன்றைக் கையில் கொடுத்தாலும், நாலு முறை திருப்பிப் பார்த்துவிட்டு அதன் சூட்சுமத்தைச் சொல்லிவிடுவார். அவர் கற்றது பூட்டுகளை மட்டுமன்று. பூட்டுகளைக் கற்கும் வழியையும்தான். கணினிக்கும் அவ்வழியைக் கற்றுத்தர முடியுமா என்பதே மெட்டா லேர்னிங் எனப்படும் துறை. நாங்கள் அதைக் கற்கக் கற்றல் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரே பெரிய பாடத்துக்கு மாறாகப் பல சிறு பாடங்களை இயந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சில எடுத்துக்காட்டுகளே இருக்கும். புதுப் பாடம் எது வந்தாலும் விரைவில் பிடித்துக்கொள்வதற்கு ஏற்ற ஒரு தொடக்க நிலையை இயந்திரம் இவ்வாறு அடைகிறது. 2017இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் இதற்கு வகுக்கப்பட்ட முறை ஒன்று பெரும்புகழ் பெற்றது. அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதிய மூவருள் முதற்பெயர் செல்சி ஃபின் என்னும் பெண்ணுடையது.

நோயுற்ற பயிரின் சில இலைகளை மட்டும் பார்த்துப் புதிய நோயை அறியவும், எழுத்து வளம் குறைந்த மொழிகளைக் கணினிக்குப் பழக்கவும் இவ்வழி உதவக்கூடும் என்று அறிஞர் எதிர்பார்க்கின்றனர். எதிர்பார்ப்புத்தான், பழகிய பாடங்களுக்கு முற்றிலும் அயலான ஒன்று வந்தால் இயந்திரம் இன்னும் தடுமாறவே செய்கிறது. பூட்டுத் தாத்தாவிடம் தறியைக் கொடுத்தால் அவரும் திகைப்பார் அல்லவா?

லலிதா அம்மையாரோ நீராவிப் பணிமனையிலிருந்து தர நிர்ணயத்துக்கும், அங்கிருந்து இசைக்கருவிக்கும், அதிலிருந்து மின்தொடருக்கும் மாறி மாறிச் சென்றவர். ஒவ்வோர் இடத்திலும் முதலில் இருந்து கற்றார். இதனாலேயே அவர் வாழ்வை இப்பொருளோடு சேர்த்து எழுதத் துணிந்தோம்.

அவர் சிம்லாவில் இருந்த நாட்களில் உலகின் மறுபக்கத்தில் நடந்ததும் இங்கே சொல்லத் தக்கது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எனியாக் என்னும் மாபெரும் மின்னணுக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1946 பிப்ரவரியில் அவ்வியந்திரத்தை உலகுக்குக் காட்டியபோது அவர்கள் பெயரை எவரும் பெரிதாகச் சொல்லவில்லை. பல்லாண்டுகளுக்குப் பிறகே அவர்களுக்கு உரிய மதிப்புக் கிடைத்தது.

கல்கத்தாவில் லலிதாவின் வேலை மின்தொடர்களையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைப்பது. அது எத்தகைய வேலை என்பதை இயற்பியல் படிக்கும் நாம் எளிதில் உணரலாம். கம்பி வழியே மின்சாரம் செல்லும்போது ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. அவ்விழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகும். இழப்பு நூற்றில் ஒரு பங்காகக் குறையும். இதற்காகவே தொலைதூரம் செல்லும் மின்சாரத்தை மிக உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பி, ஊர் எல்லையில் துணைமின் நிலையத்தில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். சிறுமலைப் பக்கம் இடி இறங்கி எங்கோ கம்பி பழுதானால், அப்பகுதியை மட்டும் நொடிப்பொழுதில் துண்டிக்கும் காப்புக் கருவிகளும் அங்கே உண்டு. எக்கருவியை எங்கே வைப்பது, இரு கம்பிகளுக்கு இடையே எத்தனை இடைவெளி விடுவது என்பவற்றைத் தாளில் வரைந்து தீர்மானிக்க வேண்டும். ஓர் அங்குலப் பிழை ஓர் ஊழியரின் உயிரைப் பறிக்கும்.

அவர் பங்கேற்ற பணிகளுள் பெரியது பக்ரா நங்கல் திட்டத்தின் மின்னாக்கிகள் தொடர்பானது. சட்லெஜ் ஆற்றின் குறுக்கே 226 மீட்டர் உயரத்துக்கு எழுந்த பக்ரா அணையைப் பிரதமர் நேரு 1963 அக்டோபர் 22ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நம் பாடநூலில் அணையின் பெயர் உண்டு. நேருவின் பெயரும் உண்டு. லலிதாவின் பெயரை நாங்கள் அதில் காணவில்லை.

இலண்டன் மின்பொறியாளர் கழகம் அவரை 1953இல் இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. இதற்கிடையே 1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் பொறியாளர் மற்றும் விஞ்ஞானிகளின் முதலாவது உலக மாநாடு கூடியது. லலிதாவுக்கு அழைப்பு வந்தது. ஆனால் அவரைப் பிரதிநிதியாக அனுப்பி வைக்க இந்தியாவில் பெண் பொறியாளர்களுக்கென்று ஒரு சங்கமும் இருக்கவில்லை. தனிப்பட்ட முறையிலேயே போய் வந்தார். மறு ஆண்டு இலண்டன் பெண் பொறியாளர் சங்கத்தின் முழு உறுப்பினரானார். 1967 ஜூலையில் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து பெண்களைத் திரட்டும் பிரதிநிதியாகவும் இருந்தார். முதல் மாநாட்டுக்கு ஒருவராகச் சென்றவர், இரண்டாம் மாநாட்டுக்கு மற்றவர்களைக் கூப்பிடும் பொறுப்பை ஏற்றார்.

இதை எழுதும்போது எங்கள் நினைவெல்லாம் ஒரு தோழியிடமே இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை எங்களோடு முன் வரிசையில் அமர்ந்திருந்தாள். கணக்கில் எங்களுள் பலர் அவளிடம் ஐயம் கேட்போம். வீட்டில் நல்ல வரன் வந்திருக்கிறது, பதினெட்டு ஆனதும் முடித்துவிடலாம், அதற்குள் எதற்கு மேற்படிப்பு என்று நிறுத்திவிட்டார்கள். அவளுடைய பெற்றோர் கொடியவர்கள் அல்லர். தோல்பதனிடும் தொழிலில் கூலி குறைந்து, மகளைக் கரை சேர்க்கும் கவலையில் இருப்பவர்கள். எங்கள் கருத்தை அவர்களிடம் எடுத்துச் சொல்லும் துணிவு அன்று எங்களுக்கு இல்லை. இம்மலர் அவர்கள் கைக்கும் போய்ச் சேரும் என்பதால் இங்கே எழுதுகிறோம். அவளுக்கு வயது இப்போது பதினாறு. லலிதா கிண்டியில் சேர்ந்தபோது அவருக்கு மணமாகிக் குழந்தையும் பிறந்திருந்தது.

அம்மையார் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதே நிறுவனத்தில் பணியாற்றி 1977இல் ஓய்வு பெற்றார். 1979 அக்டோபர் 12ஆம் நாள், மூளை இரத்தக்குழாய் வீக்கத்தால் காலமானார். வயது அறுபது. அதே 1979இல்தான் திரேசியாவும் பணி ஓய்வு பெற்றார். ஈராண்டில் அவரும் மறைந்தார்.

கிண்டிக் கல்லூரி 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. எங்கள் பள்ளியிலிருந்து சென்ற அக்கா ஒருவர் இப்போது அங்கே மின்பொறியியல் இரண்டாமாண்டு படிக்கிறார். தசரா விடுமுறையில் வந்தபோது அவரிடம் லலிதாவின் ஒற்றை விடுதியைப் பற்றிச் சொன்னோம். அவர் சிரித்தார். அவர் அறையில் நால்வராம்; ஒருத்தி நாகர்கோவில், ஒருத்தி தருமபுரி, ஒருத்தி சிவகாசி. இரவு பன்னிரண்டானாலும் பேச்சு ஓய்வதில்லையாம்.